இரைப்பைப் புற்றுநோயில் பிழைப்பவர் யார்: மரபணு ஆய்வுகளும் ஊவாத் தோட்டங்களும்

கேள்வி

பெரகல சந்தியில் இரண்டு வீதிகள் கூடுகின்றன. கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி மகரகம, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை எல்லாவற்றையும் கடந்து இங்கே ஏறி, கொஸ்லந்தைப் பக்கமாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஏ16 வீதி இங்கேயே தொடங்கி, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல சென்று பதுளைப் பாதையில் சேர்கிறது. ஊவா மாகாணத்தின் இந்தச் சரிவுகளில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் ஒருவருக்கு இரைப்பையில் புற்று இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், அவர் இந்த இரண்டு வீதிகளில் ஒன்றைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். ஒன்று பதுளையின் பெரிய அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். மற்றது மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்.

ஒரே நோய் வந்த இருவரில் ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்கிறார், இன்னொருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? கடந்த கால் நூற்றாண்டாக மருத்துவ இதழ்கள் மரபணுக்களுக்குள் இதற்கான விடையைத் தேடிவருகின்றன. அந்தத் தேடலில் கிடைத்தவற்றுள் எது உறுதியானது, எது பலவீனமானது, ஊவாவின் தோட்ட மக்களுக்கு அது என்ன சொல்லக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியின் மரபணு மாற்றங்கள் நோயாளியின் ஆயுளைப் பாதிக்கின்றன என்பதற்கு வலுவான சான்று உண்டு. பிறப்போடு வரும் சிறு வேறுபாடுகள் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதற்கான சான்று பெரும்பாலும் தளர்வானது. இரண்டு வகைச் சான்றுகளுமே வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தவர்களிடமிருந்து மட்டுமே திரட்டப்பட்டவை. வந்து சேராதவர்களைப் பற்றி அவை பேசுவதில்லை.

பிறப்போடு வந்ததும் கட்டியில் விளைந்ததும்

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவரது உடலின் எல்லாக் கலங்களிலும் தாய் தந்தையரிடமிருந்து வந்த வேறுபாடுகள் இருக்கின்றன. இவை பிள்ளைகளுக்கும் போகலாம். கட்டியின் கலங்களில் மட்டும் ஆயுள்காலத்தில் சேரும் மாற்றங்கள் வேறு. அவை பரம்பரையாகக் கடத்தப்படுவதில்லை.

முதல் வகைக்கு மிகத் தெளிவான உதாரணம் நியூசிலாந்திலிருந்து வந்தது. ஒரு மாவோரிக் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளில் 25 பேர் இரைப்பைப் புற்றால் இறந்திருந்தார்கள். அவர்களில் பலர் இளவயதினர். அந்தக் குடும்பத்தினர் தங்கள் வம்சாவளியைத் தாங்களே திரட்டிக்கொண்டு ஆய்வாளரிடம் போனார்கள். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி கில்ஃபர்டின் குழு, சிடிஹெச்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட பிறழ்வே காரணம் என்று 1998இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. கலங்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணுதான். அது பழுதானால் புற்றுக்கலங்கள் தனித்தனியாகப் பிரிந்து, இரைப்பைச் சுவரின் மேற்தோலுக்கு அடியில் பரவுகின்றன. எண்டோஸ்கோபிக் குழாயின் கண்ணில் படுவது அரிது. ஆகவே பிறழ்வு உறுதியானவர்களுக்கு நோய் வருமுன்பே இரைப்பையை முழுவதும் அகற்றிவிடும்படி ஆலோசனை சொல்லப்படுகிறது.

இந்த மரபணுவைப் பற்றிய பிற்கால வரலாறும் முக்கியமானது. பிறழ்வு உள்ள ஆண்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் நோய் வரும் என்று ஆரம்ப மதிப்பீடுகள் கூறின. 2019இல் வந்த ஆய்வுகள் அதை 40 சதவீதத்தின் அருகே குறைத்தன. பலர் இறந்த குடும்பங்களை மட்டும் தேடிப்பிடித்து அளந்ததால் முதல் எண்கள் வீங்கியிருந்தன. யாரை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மரபணுவின் பலமே மாறித் தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

2023இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' இதழில் வந்த ஜப்பானிய ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் 38 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயில்லாதவர்களையும் அது ஒப்பிட்டது. டிஎன்ஏ முறிவைச் சீர்செய்யும் மரபணுக்களில் பிறழ்வும், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமித் தொற்றும் சேர்ந்திருந்தவர்களுக்கு 85 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 45.5 சதவீதம் என்று கணித்தது. தொற்று மட்டும் இருந்தவர்களுக்கு அது 14.4 சதவீதம். மரபணுவும் கிருமியும் தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது அதிகம். இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இலேயே இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பிறழ்வை மாற்ற முடியாது. கிருமியை இரண்டு வார மாத்திரைகளால் ஒழிக்கலாம்.

இரண்டாவது வகையில், அதாவது கட்டியின் மரபணுவில், சான்று இன்னும் திடமானது. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 2014இல் 295 கட்டிகளைப் பிரித்துப் பார்த்து நான்கு வகைகளைக் கண்டது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவை 9 சதவீதம், டிஎன்ஏ எழுத்துப்பிழை திருத்தும் பொறிமுறை பழுதானவை 22 சதவீதம், பெரிய மாற்றமில்லாதவை 20 சதவீதம், நிறமூர்த்தங்கள் குழம்பியவை 50 சதவீதம். மறு ஆண்டில் 300 நோயாளிகளை ஆராய்ந்த ஆசியக் குழு, இந்த வகைப் பிரிவு ஆயுளோடு தொடர்புடையது என்று காட்டியது. பிழைதிருத்தம் பழுதான கட்டியுள்ளவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். 2019இல் நான்கு சிகிச்சைப் பரிசோதனைகளின் 1,556 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த இத்தாலியத் தலைமையிலான ஆய்விலும் அதே முடிவு வந்தது. அந்த வகைக் கட்டி உள்ளவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 77.5 சதவீதம், மற்றவர்களில் 59.3 சதவீதம். அந்த வகையினருக்கு சத்திரசிகிச்சையோடு கொடுக்கும் கீமோதெரபியால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை என்றும் அந்தத் தரவுகள் சுட்டின. பயனில்லாத மருந்தைத் தவிர்ப்பதும் நோயாளிக்குச் செய்யும் உதவிதான்.

சிறு வேறுபாடுகளின் நீண்ட பட்டியல்

இவற்றுக்கு அப்பால், ஒற்றை எழுத்து மாறிய சாதாரண மரபணு வேறுபாடுகளை நோயாளியின் ஆயுளோடு இணைக்கும் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்துள்ளன. இக்கட்டுரைகளை வாசிக்கும்போது எனக்கு நிதானம் தேவைப்படுகிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் மரபணுவில் சில வேறுபாடுகள் இரைப்பைப் புற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2000இல் எல்-ஓமரின் குழு எழுதியது. அதன் பின் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதற்கு ஆதரவான முடிவுகள் வந்தன. ஆசிய மக்களிடம் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நோய் வருவதற்கான அபாயமும், வந்தபின் பிழைப்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முன்னதற்குக் கிடைத்த விடையைப் பின்னதற்குப் பொருத்துவது இக்கட்டுரைகளில் அடிக்கடி நேர்கிறது.

கணக்கும் ஒன்று இருக்கிறது. எந்தத் தொடர்பும் இல்லாத 20 வேறுபாடுகளை வழக்கமான 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாகத் 'தொடர்புள்ளது' என்று காட்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். ஒரு வைத்தியசாலையின் நூறு, நூற்றைம்பது நோயாளிகளை வைத்து இப்படிச் சோதித்து, வென்ற ஒன்றை மட்டும் அச்சிட்டால் வாசகர் ஏமாறுவார். வேறொரு நாட்டில், வேறொரு குழுவில், அதே முடிவு திரும்ப வரும்வரை அதை ஒரு குறிப்பாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

லயத்தில் குடும்பமும் கிருமியும்

தோட்டங்களில் 'அவங்க குடும்பத்துக்கே வயித்து வியாதி' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் உண்மை இருக்கலாம். ஆனால் குடும்பத்தில் பலருக்கு நோய் வருவது மரபணுவை மட்டும் காட்டுவதில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் கட்டப்பட்டது. மூன்று தலைமுறை அதற்குள் வாழ்ந்தது. விறகடுப்பின் புகை, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே சட்டியில் சம்பலும் கருவாடும் எல்லோருக்கும் பொது. பைலோரிக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமான வீடுகளில், தாயிடமிருந்தும் உடன்பிறந்தோரிடமிருந்தும் தொற்றுகிறது. உப்பிட்ட உணவும் புகையிலையும் அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆகவே அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நோய் வந்தால், அவர்கள் பகிர்ந்தது இரத்தமா, அடுப்பங்கரையா என்பதைக் குடும்பக் கதையை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. இதற்குப் புலம்பெயர்ந்தோர் ஆய்வுகள் உதவுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரை 1968இல் ஹேன்செலும் குரிஹாராவும் ஆராய்ந்தபோது, அமெரிக்காவில் பிறந்த தலைமுறையில் இரைப்பைப் புற்றால் இறப்பவர் வீதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஒரே வம்சாவளி, வேறு சமையலறை. இத்தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் முன்னோர் வந்த தமிழ்நாட்டிலும் இதைப் பார்க்கிறோம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களில் தொடங்கியபோது ஆண்களிடையே முன்னணியில் இருந்த இரைப்பைப் புற்று அதன்பின் இறங்கிவந்திருக்கிறது. மக்களின் மரபணு இரண்டு மூன்று பத்தாண்டுகளில் மாறிவிடாது.

இரத்த உறவுத் திருமணம் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்க வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவதால் புற்றுநோய் வருகிறது என்று சிலர் நம்புகிறார்கள். சிடிஹெச்1 போன்ற பிறழ்வுகள் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், அபாயம் உண்டாகும். பெற்றோர் உறவினராக இருப்பது அதைக் கூட்டுவதில்லை. இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டிய அரிய நிலைகளில்தான் உறவுத் திருமணம் பங்கு பெறும். இதைவிடக் கவனிக்கத்தக்கது சிறு குழு ஒன்றிலிருந்து பெருகிய சமூகங்களின் வரலாறு. தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டின் ஆய்வொன்று, அவற்றுள் 81 குழுக்களில் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதரையும் விட வலுவான மூதாதைச் சுருக்கம் இருப்பதைக் கண்டது. அத்தகைய குழுக்களில் அரிய பிறழ்வு ஒன்று பரவலாகிவிடக்கூடும். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆள்சேர்ப்பவரான கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டிவந்து தோட்டங்களை நிரப்பினார். ஒரு தோட்டத்தின் பல லயங்கள் ஒரே ஊரின் ஒரு சில குடும்பங்களிலிருந்து பெருகியிருக்கலாம். மலையகத்தில் மரபணு ஆய்வு நடந்தே ஆகவேண்டும் என்று நான் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அந்தக் குடும்ப மரத்தின் பாதி வெட்டப்பட்டிருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அதன் கீழ் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில், அவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அமர்ந்தார்கள். இன்று ஹல்துமுல்லப் பக்கத்து நோயாளியிடம் 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா' என்று வைத்தியர் கேட்டால், அவரது பெரியப்பாவும் சின்னத்தாயும் எதனால் இறந்தார்கள் என்பது கடலுக்கு அப்பால் இருக்கும். 'இல்லை' என்று படிவத்தில் எழுதப்படும். அந்த விடையை மரபணு ஆய்வாளர் நம்பிக் கணக்குப் போடுவார்.

கணக்கில் வருபவர் யார்

உயிர்வாழ்வு ஆய்வு எதுவும் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கடிகாரத்தை ஓடவிடுகிறது. தோட்டத் தொழிலாளியின் நோய் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது.

நெஞ்செரிவு, வயிறு உப்புதல், சாப்பிட்டதும் நிறைந்த உணர்வு எல்லாம் 'கேஸ்' என்று தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லப்படும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கொடுத்தால் குறையும். இரைப்பைப் புற்றின் புண்ணும் அந்த மருந்துக்குச் சில காலம் அடங்கிப்போகும் என்பதே ஆபத்து. எச்சரிக்கை அறிகுறிகளும் மறைந்துவிடுகின்றன. இரத்தச்சோகை முக்கியமான அறிகுறி. ஆனால் தோட்டப் பெண்களிடம் அது பரவலாக இருப்பதால் யாரும் வியப்பதில்லை, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. மலம் கறுப்பது இரைப்பையில் இரத்தம் கசிவதைக் காட்டும் அறிகுறி. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். கொழுந்து பறிப்பவர் மெலிந்தால் வேலைக் களைப்பு என்பார்கள். எண்டோஸ்கோபிக்கு வைத்தியர் கடிதம் கொடுத்தால், ஒரு நாள் 'பேர்', அதாவது நாட்கூலி, போகும். அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பேருந்துக் கட்டணமும், கூடவரும் ஆளின் சம்பளமும் இலவசமல்ல.

ஆக, பதுளையில் பயாப்சி எழுதப்படும் நாளில் ஒருவரது கட்டி இரைப்பைச் சுவருக்குள்ளேயே இருக்கலாம், இன்னொருவரது கட்டி கல்லீரலுக்குப் போயிருக்கலாம். அமெரிக்கப் பதிவேடுகளில் இரைப்பைக்குள் நின்ற நோயில் ஐந்தாண்டு கடப்பவர்கள் சுமார் முக்கால் பங்கு. தூரப் பரவிய நோயில் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. இதுவரை விவரித்த எந்த மரபணு வேறுபாடும் இந்த இடைவெளியை நெருங்குவதில்லை. 2010 முதல் 2014 வரை கண்டறியப்பட்டவர்களில் தென்கொரியாவில் சுமார் 69 சதவீதமும் ஜப்பானில் சுமார் 60 சதவீதமும் ஐந்தாண்டு கடந்ததாக உலகளாவிய ஒப்பீடு காட்டியது. கொரியாவில் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இரைப்பைச் சோதனை தேசியத் திட்டமாக நடக்கிறது. இதை வைத்து எல்லாமே காலத்தின் விளைவு என்றும் முடிவு கட்டக்கூடாது. கொரிய நோயாளிகளையும் அமெரிக்க நோயாளிகளையும் நோயின் நிலை சமப்படுத்தி ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டின் ஆய்வில் கொரியருக்கு மேலதிக நன்மை எஞ்சி நின்றது. அது உயிரியலாலா, நிணநீர்க் கணுக்களை அகற்றும் சத்திரசிகிச்சையின் தேர்ச்சியாலா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

இந்த இடத்தில் தெரிவுப் பிழை வருகிறது. மகரகம வரை போய்ச் சேர்ந்தவர்களின் இரத்தத்தை எடுத்து மரபணுவை ஆராய்ந்தால், அதுவரை தாக்குப்பிடித்தவர்களைத்தான் ஆராய்கிறோம். வேகமாக இறந்தவர்கள் ஏற்கனவே வெளியே போய்விட்டார்கள். அவர்களது மரபணு வேறுபாடு பட்டியலில் இல்லை. அத்தகைய தரவில் மலையகத் தமிழர் குறைந்த காலம் வாழ்வதாகத் தெரிந்தால், அது இனத்தின் இயல்பு என்று எழுத ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் தவறானதாக இருக்கும்.

பதிவுகளில் உள்ள இன நிரலும் நம்பகமானதல்ல. 1911ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு முதல் 'இந்தியத் தமிழர்' தனிப் பிரிவு. 2012இல் நாட்டில் சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம் பேரும், பதுளை மாவட்டத்தில் சுமார் 18 சதவீதத்தினரும் அதில் பதிவானார்கள். ஆனால் மலையகத் தமிழரில் பலர் இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொள்கிறார்கள். உலகின் ஆயிரம் மரபணுத் திட்டம் 2015இல் 26 மக்கள் குழுக்களின் 2,504 பேரின் மரபணுத் தரவை வெளியிட்டபோது, தமிழரை அதில் நிறுத்தியவர்கள் பிரித்தானியாவில் வாழ்ந்த இலங்கைத் தமிழர் 102 பேர். மலையகத் தமிழர் அத்திட்டத்தில் ஒரு குழுவாக இல்லை.

இந்த இடைவெளி சிகிச்சை அறையிலும் வந்து நிற்கிறது. இரைப்பைப் புற்றுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃப்ளோரோயுராசில், கெப்சிடபீன் மருந்துகளை உடல் கழிப்பது டிபிஒய்டி மரபணுவின் நொதியால். அது பழுதான ஒருவருக்கு வழக்கமான அளவே உயிராபத்தாகும். சிகிச்சைக்கு முன் இதைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து முகவரகம் 2020இல் பரிந்துரைத்தது. ஆனால் வழக்கமாகத் தேடப்படும் நான்கு வேறுபாடுகளும் பெரும்பாலும் ஐரோப்பிய நோயாளிகளிடமிருந்து தெரிவானவை. நம் நோயாளி ஒருவருக்கு அந்தச் சோதனையில் 'பழுதில்லை' என்று வந்தால், அதை ஐரோப்பியருக்கு நம்புவது போல நம்ப முடியாது.

இரத்தத்தின் மீது பழி

நோயைத் தொழிலாளியின் உடலிலும் பழக்கத்திலும் தேடும் மரபு தோட்டங்களுக்குப் புதிதல்ல. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தது, புழு போனது, மலசலகூடம் இல்லாத லயத்தில் புழு திரும்ப வந்தது. மலசலகூடம் கட்டுவது தோட்ட உரிமையாளரின் செலவு. தொழிலாளியின் அசுத்தப் பழக்கம் என்று சொல்வது செலவில்லாதது. 'அவர்களது மரபணு' என்பதும் அதே வசதியைத் தரக்கூடும். மரபணு ஆய்வை எதிர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தொழிலாளி எந்த நாளில் எங்கே போய், எவ்வளவு காலம் காத்திருந்தார் என்ற விவரம் இல்லாத மரபணு ஆய்வை ஏற்காதிருப்பதற்காகச் சொல்கிறேன்.

செய்யக்கூடியது

பிழைதிருத்தப் பொறிமுறை பழுதா என்பதைக் கண்டறிய முழு மரபணுவையும் வாசிக்க வேண்டியதில்லை. ஏற்கனவே எடுத்த பயாப்சித் துண்டில் எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 என்ற நான்கு புரதங்களுக்கு நிறமேற்றிப் பார்த்தால் போதும். நோயியல் ஆய்வுகூடம் செய்யக்கூடிய வேலை அது. ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையும் அவ்வாறே. அந்தப் புரதம் மிகுந்த, பரவிய கட்டி உள்ளவர்களுக்கு அதைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது என்று 2010இல் வந்த பரிசோதனை காட்டியது. மூன்று மாதத்துக்கும் குறைவான இந்த ஆதாயத்தை மிகைப்படுத்த வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

குடும்ப மரம் வரைவதற்குக் காகிதம் போதும். லயங்களுக்குள் போய்வரும் குடும்பநல உத்தியோகத்தர், 50 வயதுக்குள் வயிற்று நோயால் இறந்தவர்களை மூன்று தலைமுறைக்குக் கேட்டு எழுதலாம், நீலகிரிக்குப் போன கிளையையும் சேர்த்து. ஒரு குடும்பத்தில் அப்படி இருவர் இருந்தால் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவுக்கு அனுப்பக் காரணம் உண்டு. ஊவாவில் உயிர்வாழ்வு ஆய்வு ஒன்று தொடங்குமானால், அதன் கடிகாரம் டிஸ்பென்சரியில் முதல் ஒமிப்ரசோல் கொடுத்த நாளிலிருந்து ஓட வேண்டும். சத்திரசிகிச்சைக்கு வராமலே இறந்தவர்களின் பயாப்சித் துண்டுகளும் அதில் சேர வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். பிறழ்வு தெரியவந்தால் இங்கும் கூடலூரிலும் உள்ள உறவினருக்கு யார், எப்படிச் சொல்வது என்பதை நோயாளியோடு இருந்து, இரத்தம் எடுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.